கடலில்லாப் பட்டினம்

கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரி போகும் வழியில், தென்பெண்ணைக் கரையில் இருக்கிறது காவேரிப்பட்டினம். தமிழ் மரபில் பட்டினமும் பாக்கமும் நெய்தல் நிலத்து ஊர்கள். நாகப்பட்டினத்துக்கு அந்தப் பெயர் தகும். கடலையே காணாத இந்த ஊருக்கு எப்படித் தகும்?

ஊர்க்காரர் பலரின் வாயில் வருவது 'காவேரிப்பட்டணம்' என்பதே. முடிச்சு அங்கேதான் அவிழ்கிறது. ஸ்ரீரங்கபட்டணம், சென்னபட்டணம் என்று கன்னட நாட்டில் உள்நாட்டு ஊர்களுக்கும் பட்டணம் என்று பெயர் உண்டு. எல்லையோரத்து இந்த ஊருக்கும் நகரம் என்ற அந்தப் பொருளே பொருந்தும் என்பது என் கணிப்பு. பெயர் ஒத்திருப்பதால் காவிரிப்பூம்பட்டினம் எனப்படும் பூம்புகாரோடு உறவு கொண்டாடுவது வீண் வேலை. இங்கே கோட்டை இருந்தது. 1767-இல் முதலாம் மைசூர்ப் போர் தொடங்கியதும் ஐதர் அலி அதைப் பிடித்தார். 1792 ஸ்ரீரங்கபட்டண உடன்படிக்கையில், இந்த ஊர் அடங்கிய பாராமகால் பகுதி ஆங்கிலக் கும்பினியிடம் போனது. ஆங்கிலேயர் எழுத்தில் ஊர் 'காவேரிபட்டம்' ஆயிற்று.

கோட்டைக்குப் பெயர் பெற்ற ஊர், தேர்தலில் பெயர் பெற வெகுகாலம் ஆனது. 1919 இந்திய அரசுச் சட்டத்தின்படி சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குத் தேர்தல் வந்தபோது, தொகுதிக் கோடு எங்கே விழ வேண்டும் என்ற சண்டை நிலத்தைவிட மனிதரைப் பற்றியதாகவே இருந்தது. முஸ்லிம்களுக்குத் தனித் தொகுதி. பிராமணரல்லாதாருக்கும் தனித் தொகுதி வேண்டும் என்றது நீதிக்கட்சி. நடுவரான மெஸ்டன் பிரபு 1920-இல் தீர்ப்புச் சொன்னார்: தனித் தொகுதி இல்லை, பொதுத் தொகுதிகளுக்குள்ளேயே 28 இடங்கள் ஒதுக்கீடு. கட்சிக்கு அது போதவில்லை. 'தொகு' என்றால் சேர். சேர்ப்பதற்குப் பிறந்த சொல்லை வைத்துக்கொண்டுதான் இத்தனை பிரிவினை!

மண்ணே இல்லாத தொகுதியும் இருந்தது. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி 1937-இல் வென்றது சேலம் மாவட்டத்து ஊர் எதிலும் அல்ல, பட்டதாரிகள் வாக்களித்த பல்கலைக்கழகத் தொகுதியில். அங்கிருந்தே அவர் மாகாணப் பிரதமரானார்.

விடுதலைக்குப் பின், வயதுவந்தோர் எல்லாருக்கும் வாக்கு வந்த பிறகே, காவேரிப்பட்டினம் ஒரு சட்டமன்றத் தொகுதியின் பெயராயிற்று. சேலம் மாவட்டம் 1965-இல் பிரிந்து தருமபுரி வந்தது. 2004-இல் தருமபுரி பிரிந்து கிருஷ்ணகிரி வந்தபோதுகூட அந்தத் தொகுதிப் பெயர் நின்றது. குல்தீப் சிங் ஆணையத்தின் 2008 தொகுதி மறுவரையறைதான் அதை அழித்தது. வேப்பனஹள்ளி என்ற புதுப்பெயர் பட்டியலில் ஏறியது. எல்லை மாறினால் ஊர் எங்கும் போய்விடாது, உண்மைதான். ஆனால் சட்டமன்றத்தில் ஊரின் பெயரைச் சொல்லி ஒருவரை அழைப்பது நின்றுபோகிறது. அது சின்ன இழப்பு என்று எனக்குத் தோன்றவில்லை.

இந்த மாற்றத்தை ஒரே அரசியல்வாதியிடம் காணலாம்: கே.பி. முனுசாமி 1991-இலும் 2001-இலும் காவேரிப்பட்டினம் சட்டமன்ற உறுப்பினர். 2011-இல் அவர் கிருஷ்ணகிரி உறுப்பினர், 2021-இல் வேப்பனஹள்ளி.