எழுப்பிய கை, பூட்டிய கை
வில்லும் தந்தியும் – 12

எனக்குப் பிடித்த வயலின் கன்சர்ட்டோக்களில் முதலிடம் பீத்தோவனுக்கு. அடுத்து ஷூமான் என்றால் ரசிகர்கள் சிலர் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். இந்த இரண்டின் தலையெழுத்தையும் எழுதியவர் ஒருவரே: வயலின் கலைஞர் ஜோசப் யோவாகிம்.

1806 டிசம்பர் 23. வியன்னாவின் தியேட்டர் அன் டெர் வீன் அரங்கில் பீத்தோவனின் கன்சர்ட்டோவை ஃபிரான்ஸ் கிளெமென்ட் முதன்முதலாக வாசித்தார். கடைசி நேரம்வரை பீத்தோவன் எழுதிக்கொண்டே இருந்தாராம். ஒத்திகைக்கு ஏது நேரம்? அதே கச்சேரியில் கிளெமென்ட் வயலினைத் தலைகீழாகப் பிடித்து ஒற்றைத் தந்தியில் வித்தை காட்டியதாகவும் சொல்வார்கள்.

அப்படிப்பட்ட வித்தைகளை ரசித்த கூட்டத்தின் முன் பீத்தோவன் வைத்ததோ வேறு சரக்கு. டிம்பனி முரசு தன்னந்தனியாக, அடங்கிய ஒலியில் நான்கு முறை தட்டும். ஐந்தாவது தட்டில் குழல் கருவிகள் சேர்ந்துகொள்ளும். ஏறக்குறைய மூன்று நிமிடம் ஆர்கெஸ்ட்ராவின் ராஜ்யம்தான். அதன் பிறகே வயலின் கீழிருந்து படிப்படியாக ஏறி வரும். வித்தையை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு இது எப்படி ருசிக்கும்? அடுத்த பல ஆண்டுகள் அதை வாசித்தவர்கள் மிகச் சிலரே.

1844 மே 27 அன்று லண்டன் ஃபில்ஹார்மானிக் சொசைட்டி மேடையில் அது மீண்டும் ஒலித்தது. கண்டக்டர் மெண்டல்சன். வயலினோடு நின்ற யோவாகிமுக்கு வயது 12! பாலகர்களை மேடையேற்றுவதில்லை என்ற விதியை அவருக்காகத் தளர்த்தியிருந்தார்கள். அரங்கம் ஆர்ப்பரித்தது. அன்று தொடங்கி, பீத்தோவனின் கன்சர்ட்டோ மேடையை விட்டு இறங்கவே இல்லை.

1853இல் டுசல்டார்ஃப் இசைவிழாவில் யோவாகிம் அதை வாசித்தபோது, கேட்டவர்களில் ராபர்ட் ஷூமானும் ஒருவர். அந்த இலையுதிர் காலத்திலேயே, இரண்டு வாரத்துக்குள், யோவாகிமுக்கென்று ஒரு கன்சர்ட்டோவை எழுதி முடித்தார். மறு பிப்ரவரியில் மனம் கலங்கி ரைன் நதியில் குதித்தார், காப்பாற்றினார்கள். 1856இல் மனநலக் காப்பகத்தில் உயிர் பிரிந்தது.

இது நோயின் நிழல் விழுந்த படைப்பு, வெளியே வந்தால் அவர் பெயருக்கு இழுக்கு என்று மனைவி கிளாராவும் யோவாகிமும் இசையமைப்பாளர் பிராம்ஸும் முடிவு கட்டினார்கள். ஷூமானின் முழுத் தொகுப்பிலும் அதற்கு இடமில்லை. யோவாகிம் இறந்த பின் அவர் மகன் கையெழுத்துப் பிரதியை பெர்லின் நூலகத்துக்கு விற்றார். ஷூமான் இறந்து 100 ஆண்டுகள் ஆகும்வரை வெளியிடக்கூடாது என்பது நிபந்தனை.

அதையும் மீறி, 1937 நவம்பர் 26 அன்று பெர்லினில் வயலின் கலைஞர் குலன்காம்ஃப் அதை அரங்கேற்றினார். பின்னணியில் நாஜி அரசின் அரசியல். யூதராகப் பிறந்த மெண்டல்சனின் கன்சர்ட்டோவை ஒதுக்கிவிட்டவர்களுக்கு, அந்த இடத்தில் வைக்க ஒரு ‘சுத்தமான’ ஜெர்மானியப் படைப்பு தேவைப்பட்டது. அது யாருக்காக எழுதப்பட்டதோ அந்த யோவாகிமும் யூதராகப் பிறந்தவர்தான்!

அதன் இரண்டாம் பகுதியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு யோவாகிம்மீது கோபம் வரும். அவர் செய்தது துரோகமல்ல. நண்பனின் மானம் காக்க நினைத்தார். ஆனால் 12 வயதில் பிறர் புறக்கணித்த இசையை நம்பித் துணிந்தவர், நண்பனின் கடைசிப் படைப்புகளில் ஒன்றை ரசிகர்களின் காதுக்கு விட்டு, தீர்ப்பை அவர்களிடமே கேட்டிருக்கலாம்.

வாசிக்கச் சொல்லிக் கொடுத்ததை ஒருவர் மறுக்க, வேறொருவர் வாசித்துப் பெயர் வாங்கிய கன்சர்ட்டோவும் உண்டு. சாய்கோவ்ஸ்கியின் அந்தக் கதை அடுத்த இதழில்.

(தொடரும்)