வெள்ளை மரத்தவளை

ஆஸ்திரேலியாவின் வடக்கு, கிழக்குப் பகுதிகளிலும் நியூகினியின் தென்பகுதியிலும் வாழும் பச்சைநிற மரத்தவளை. 1790இல் இதை விவரித்த அறுவை மருத்துவர் ஜான் வொயிட்டின் பெயரே இதற்கு வழங்குகிறது. நிறத்துக்கும் பெயருக்கும் தொடர்பில்லை. சுமார் 10 செ.மீ. வளரும். வளர்ப்பில் 15 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடும் என்பதை வாங்குமுன் யோசிப்பது நல்லது.

ஏறித் திரிய உயரமான கண்ணாடித் தொட்டியும் கிளைகளும் வேண்டும். பகலில் 24–28 பாகை செல்சியஸ் வெப்பம் போதும். தவளை தோல் வழியே நீரை உறிஞ்சுவதால், குளோரின் நீக்கிய நீரைத் தினமும் மாற்ற வேண்டும். கழிவில் ஊறும் அம்மோனியாவும் அதே வழியில்தான் உடலுக்குள் போகிறது. தொடுவதானால் கை கழுவி, ஈரத்தோடு தொடலாம். தொடாமலிருப்பது இன்னும் நல்லது.

சிள்வண்டு, கரப்பான் போன்ற இரைகளில் கால்சியமும் வைட்டமின் டி3யும் தூவாவிட்டால் எலும்பு மென்மையாகி வளையும். ஆனால் வளர்ந்த தவளைகளை அதிகம் வாட்டுவது உடற்பருமன். கண்ணுக்கு மேலுள்ள மடிப்பு தடித்து விழியை மறைக்கத் தொடங்கினால் தீனியைக் குறைக்க வேண்டும். வாரம் இரண்டு, மூன்று முறை உணவு போதும். தவளை கெஞ்சுவதுபோல் பார்க்கத்தான் செய்யும். சோம்பலோடு தோல் அளவுக்கு மீறி உரிந்தால் கைட்ரிட் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். மருத்துவரிடம் காட்ட வேண்டும்.