ஆறடித் தொட்டி வந்த வழி

எங்கள் கூடத்தில் நிற்கும் மீன் தொட்டியின் முதல் பிறப்பு ஓர் உலையில் நடந்தது. மணல், சோடா சாம்பல், சுண்ணாம்புக்கல் மூன்றும் முக்கியமாகச் சேர்ந்து உருகி, உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதந்து பரவி, இருபுறமும் வழவழப்பான தகடாக இறுகும் முறை அது. இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் அதை 1959இல் உலகுக்கு அறிவித்தது. ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபைன் ஆலை 2000இல் இயங்கத் தொடங்கிய பிறகு, சென்னைக்குப் பக்கத்திலேயே அப்படிக் கண்ணாடி வார்க்கிறார்கள்.

கண்ணாடியைத் தொட்டியாக்கியது கொளத்தூர். வண்ண மீன் என்றால் நாடே கைகாட்டும் வடசென்னைப் பகுதி அது. மீன், கல், செடி, மோட்டார் என்று கடைகள் வரிசையாக இருக்க, அவற்றுக்கு நடுவே தொட்டி ஒட்டுகிறவர்களும் இருப்பார்கள். சென்னை மெரினாவில் பொதுமக்கள் பார்க்கும் மீன் காட்சியகம் 1909இலேயே திறக்கப்பட்டுவிட்டது. ஆனால் வீட்டுத் தொட்டிகள் வெகுகாலம் இரும்புச் சட்டத்தையும் புட்டியையும் நம்பியே இருந்தன. சட்டம் துருப்பிடிக்கும், புட்டி காய்ந்து விரியும். சிலிக்கான் பேஸ்ட் வந்த பிறகுதான் சட்டமே இல்லாமல் கண்ணாடியோடு கண்ணாடி நின்றது.

எங்கள் தொட்டி முதலில் குடியிருந்தது அம்பத்தூரில், ஒரு பல் மருத்துவமனையின் காத்திருப்பு அறையில். ஊசிக்குப் பயந்த குழந்தைகள் அதன் முன்னால்தான் அழுகையை நிறுத்தினார்களாம். ஓய்வு பெற்று ஊர் மாறிய மருத்துவர், தொட்டியைத் தனியாகத் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். உள்ளே நீந்திய இரண்டு ஆஸ்கார் மீன்களும் கூடவே போக வேண்டும். ஆஸ்கார் நன்றாகப் பார்த்துக்கொண்டால் பத்தாண்டுக்கு மேல் வாழும், தீனி போடும் ஆளையும் அடையாளம் காணும். அவர் நிபந்தனை நியாயமானதுதான்.

பழைய தொட்டியைப் பார்க்கப் போனால் முதலில் மூலைகளைப் பார்க்க வேண்டும். பாசி சுரண்டிய பிளேடு உள்பக்க ஒட்டின் ஓரத்தைக் கிளப்பியிருந்தது. அந்த இடுக்கில் பச்சை படர்ந்திருந்தது. இன்னும் ஒழுகவில்லை. கொளத்தூரிலிருந்து வந்த ஒட்டுகாரர் விரலால் தடவிப் பார்த்தார்.

“மேல பூசுனா நிக்காது தம்பி. மொத்தமா பிரிச்சு ஒட்டணும்.”

“கண்ணாடி தாங்குமாண்ணே?”

“கண்ணாடிக்கு என்ன? பன்னெண்டு எம்எம். நம்மளவிட அதிக நாள் இருக்கும்.”

அவர் சொன்னது சரி. காய்ந்த சிலிக்கான்மேல் புது சிலிக்கான் சரியாகப் பிடிக்காது. ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் கொண்ட தொட்டியை விளிம்புவரை நிரப்பினால் சுமார் 680 லிட்டர் கொள்ளும். முன்கண்ணாடியை மட்டும் அந்தத் தண்ணீர் சுமார் 340 கிலோ எடைக்குச் சமமான விசையோடு வெளியே தள்ளும். அதை எதிர்த்து நிற்பது மூலைகளில் ஓடும் அந்த மெல்லிய ஒட்டுதான்.

பிரிக்க வேண்டியிருந்ததில் ஒரு நன்மையும் இருந்தது. முழுத் தொட்டி எங்கள் வாசலில் நுழைந்திருக்காது, தகடுகளாக நுழைந்துவிட்டது. குட்டி யானை வண்டியில் தெர்மோகோல் இடையிட்டு, தகடுகளைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தியே கொண்டுவந்தோம். பழைய ஒட்டை பிளேடால் சுரண்டி, அசிட்டோனால் துடைத்தார் ஒட்டுகாரர். முன்னும் பின்னும் ஒரே அளவு என்பதால், கீறல் விழுந்திருந்த முன்தகட்டைப் பின்பக்கம் வைத்தார். சுவரைப் பார்த்து நின்ற தகடு இப்போது கூடத்தைப் பார்க்கிறது.

இடம் தேர்வதும் பெரிய வேலை. கண்ணாடி 120 கிலோவுக்கு மேல், அதோடு தண்ணீர், கல், ஸ்டாண்டு என்று கணக்குப் போட்டால் ஒரு டன்னை நெருங்கும். குடியிருப்பு அறைகளின் தளத்துக்கு இந்தியத் தரவிதி கொள்ளும் பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ. இந்தத் தொட்டி நிற்கும் இடத்தில் அதைப்போல நான்கு மடங்குக்கு மேல் இறங்கும். அதனால் மாடி வேண்டாமென்று தரைத்தளத்திலேயே வைத்தோம். ஸ்டாண்டை ரசமட்டம் வைத்துச் சமன் செய்து, பிளைவுட்டும் அதன்மேல் தெர்மோகோலும் விரித்து, அங்கேயே ஒட்டினார். வினிகர் வாடை வீட்டை நிறைத்தது. சிலிக்கான் காற்றின் ஈரத்தை வாங்கி வெளியிலிருந்து உள்நோக்கி இறுகுகிறது. தடித்த ஒட்டு முழுதாக இறுக ஒரு வாரமாவது வேண்டும். பிறகு கீழே செய்தித்தாள் விரித்து, கால், அரை, முழுசு என்று படிப்படியாக நிரப்பிப் பார்த்தோம். தாள் நனையவில்லை.

இவ்வளவு நாளும் மீன்கள் எங்கே இருந்தன? பின்கட்டில் ஒரு பெரிய சின்டெக்ஸ் தொட்டியில், பழைய தண்ணீரோடும் பழைய ஸ்பாஞ்ச் ஃபில்டரோடும் இருந்தன. மின்சாரம் போனால் காற்று நிற்கக் கூடாதென்று ஏர் பம்ப்பை இன்வெர்ட்டரில் மாட்டியிருந்தோம்.

அந்த ஸ்பாஞ்ச்தான் தொட்டியின் உயிர். மீன் கழிக்கும் அம்மோனியா மீனுக்கே நஞ்சு. ஸ்பாஞ்சில் குடியிருக்கும் ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் நஞ்சுதான். நைட்ரோஸ்பைரா போன்ற இன்னொருவகை அதை, கெடுதி மிகக் குறைந்த நைட்ரேட்டாக மாற்றும். இந்தக் கூட்டம் புதுத் தொட்டியில் தானாக உருவாக வழக்கமாக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். புதுத் தொட்டி வைத்தவர்களின் மீன்கள் முதல் மாதத்திலேயே சாவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். தண்ணீர் கண்ணுக்குத் தெளிவாக இருக்கும், நஞ்சு தெரியாது. குழாய்த் தண்ணீரில் ஸ்பாஞ்சைக் கழுவினால் குளோரின் இந்தக் கூட்டத்தைக் கொன்றுவிடும். தொட்டித் தண்ணீரில் பிழிந்தாலே போதும். புதுத் தண்ணீரை ஆன்டி குளோரின் கலந்த பிறகே ஊற்ற வேண்டும்.

எங்கள் தொட்டியில் ஒட்டு புதிது, தண்ணீர் புதிது, ஸ்டாண்டு புதிது. கண்ணாடிகூட முன்பின்னாக மாறிவிட்டது. மருத்துவமனையிலிருந்து அறுபடாமல் தொடர்ந்து வந்தவை அந்த இரண்டு மீன்களும் ஸ்பாஞ்சுக்குள் இருந்த கூட்டமும்தான். மீன்களையும் சேர்த்தே கொடுப்பேன் என்று மருத்துவர் பிடிவாதமாக நின்றதால் ஸ்பாஞ்சும் பசியில்லாமல் வந்து சேர்ந்தது. மீன்கள் அதற்கு உணவளித்தன, அது மீன்களைக் காத்தது.

பெரிய தொட்டியைப் பழையதாக வாங்குகிறவர்கள் விலையையும் கண்ணாடித் தடிமனையும் விசாரிக்கிறார்கள். ஒட்டைப் பிரித்து ஒட்டலாம், கீறலைப் பின்னால் திருப்பலாம். நின்றுபோன ஃபில்டரை மட்டும் வாரக்கணக்கில் காத்திருந்துதான் மறுபடி உயிர்ப்பிக்க முடியும். அதனால் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: ஃபில்டர் இன்னும் ஓடுகிறதா? ஓடுகிறதென்றால், மீன்கள் நோயில்லாமல் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, எல்லாவற்றுக்கும் முன்னால் அதை ஈரம் காயாமல் எடுத்து வாருங்கள்.