இடப்பக்க இருக்கை

சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களுக்கு வழி சொல்ல ஆள் வேண்டியதில்லை. கார் ராலிக்குத்தான் வேண்டும். அதில் ஓட்டுநருக்கு இடப்பக்கம் உட்கார்ந்தவன் நான்.

பூந்தமல்லி தாண்டியதும் கிலோமீட்டர் கற்களை வைத்து, ஓடிய தூரம் காட்டும் ட்ரிப் மீட்டரைச் சரிபார்ப்போம். டயரில் காற்று குறைந்தால்கூடக் கணக்கு பிசகும். கையிலிருக்கும் ரோடு புக்கில் ஊர்ப்படம் இருக்காது. கட்டத்துக்குக் கட்டம் ஒரு புள்ளி, ஒரு அம்புக்குறி, பக்கத்தில் தூரம். புள்ளி நாம் வரும் பக்கம், அம்பு போக வேண்டிய பக்கம். குலுங்கும் வண்டியில் அதைப் படித்து, திருப்பம் வருமுன்னே உரக்கச் சொல்ல வேண்டும். அருமையான வேலை அது!

வழி சொல்லும் அந்த வேலைக்கு 1981லேயே ஜப்பானில் ஹோண்டா, திருப்பத்தை உணரும் கைரோ வைத்த வழிகாட்டிக் கருவியைக் காரில் கொடுத்தது. 2000 மே மாதம் அமெரிக்கா ஜிபிஎஸ் துல்லியத்தின் மீதிருந்த கட்டுப்பாட்டை நீக்கிய பிறகு ஜிபிஎஸ் வழிகாட்டி ஊரெங்கும் பரவியது.

இன்று இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தளத்துக்குப் பூந்தமல்லி வழியே ஸ்போர்ட்ஸ் கார்கள் போகின்றன. மெட்ரோ வேலைக்காகப் பாதையை மாற்றிவிட்டால், காரோடு வந்த பழைய வரைபடத்துக்கு அது தெரியாது, போனுக்குப் பெரும்பாலும் தெரியும். கார் வாங்கும்போது வழிகாட்டித் திரைக்குத் தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அந்தக் காசில் நல்ல டயர் போடுங்கள்.