சுவருக்கு எதுக்கு முட்டு? லண்டன் நீராவி ரயில் சொல்லும் பாடம்

 

போன ஞாயிற்றுக்கிழமை திருப்பணிக் கூட்டத்துல ஒரு அக்கா கேட்டாங்க. "மடப்பள்ளிச் சுவர்ல ஒரு வாசல் வைக்கிறதுக்கு இன்ஜினியர் ஃபீஸ், இரும்பு முட்டு வாடகைன்னு எதுக்குத் தம்பி இவ்வளவு செலவு? நம்ம பையன்கள் பத்துப் பேர் சேர்ந்தா ஒரே நாள்ல உடைச்சிடுவாங்களே?"

நியாயமான கேள்வி. உண்டியல் காசு அது. ஒவ்வொரு வெள்ளிக்கும் கணக்குக் கேட்க அவங்களுக்கு உரிமை இருக்கு. அன்னைக்குப் பூசை நேரமாயிட்டதால சரியா பதில் சொல்ல முடியலை. இங்க எழுதுறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

எனக்கு நீராவி இஞ்சின் மேல பைத்தியம்னு கோவில்ல எல்லாருக்கும் தெரியும். அதனால பதிலையும் ரயில்லேர்ந்தே ஆரம்பிக்கிறேன். சிங்கப்பூர்ல ரயிலுக்கும் கோவிலுக்கும் பழைய உறவு உண்டு. குவீன்ஸ்டவுன் முனீஸ்வரன் ஆலயமே 1932ல் ரயில்வே தொழிலாளர்கள் வச்சு வணங்கினதுதான். ஆனா இன்னைக்குச் சொல்லப் போற கதை அதுக்கும் முன்னால, லண்டன்ல நடந்தது.

உலகத்தின் முதல் நிலத்தடி ரயில் லண்டனின் மெட்ரோபாலிட்டன் ரயில்வே. 1860ல் வேலை ஆரம்பிச்சாங்க. தலைமை இன்ஜினியர் ஜான் ஃபவுலர். இப்ப எம்ஆர்டிக்குச் சுரங்கம் துளைக்கிற மாதிரி மிஷின் அப்ப கிடையாது. ரோட்டையே நீளமா தோண்டினாங்க. பள்ளத்தின் இரண்டு பக்கமும் மண் சரியாம இருக்க மரப்பலகை வச்சு, குறுக்கே கனமான மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்தாங்க. அந்த முட்டுக்குள்ள செங்கல் சுவர் எழுப்பி, மேல வளைவு கட்டி, மண் போட்டு மூடி, திரும்ப ரோடு போட்டாங்க. பக்கத்துல வரிசையா வீடுகள். அந்த வீடுகளின் பாரமும் பள்ளத்துப் பக்கம்தான் தள்ளும். அதைத் தாங்கினது அந்த மரக்கட்டைகள்தான்.

எல்லா இடத்துலயும் தாங்கலை. 1861 மே மாதம் யூஸ்டன் பக்கத்துல பள்ளம் சரிஞ்சு, அக்கம்பக்கத்துக் கட்டிடங்களுக்குப் பலத்த சேதம். 1862 ஜூன்ல இன்னொரு அடி. ஃப்ளீட்னு ஒரு பழைய ஆறு. அதை மூடிக் கழிவுநீர்க் கால்வாயா ஆக்கியிருந்தாங்க. பெரிய மழைக்குப் பிறகு அது உடைஞ்சு வேலை நடந்த பள்ளத்துக்குள்ள வெள்ளமா பாய்ஞ்சது. மண்ணையும் தண்ணியையும் நாம மூடிட்டோம்னு நினைக்கலாம். அது தன் வழியை மறக்கிறதில்லை.

இவ்வளவுக்கும் பிறகு 1863 ஜனவரி 10ல் ரயில் ஓடுச்சு. முதல் நாளே சுமார் 38,000 பேர் ஏறினாங்க. சுரங்கத்துக்குள்ள நீராவி இஞ்சின் ஓடினா புகை, ஆவி எல்லாம் எங்க போகும்? வெளியே விடுற ஆவியைக் குழாய் வழியா தண்ணித் தொட்டிக்குள்ள திருப்பிக் குளிர வைக்கிற இஞ்சின்களைச் செஞ்சாங்க. ஆனாலும் புகை போக அங்கங்க திறந்தவெளி வேணும். 1868ல் பாதையை பேஸ்வாட்டர் பக்கம் நீட்டினப்ப, லின்ஸ்டர் கார்டன்ஸ் தெருவுல 23, 24ஆம் எண் வீடுகள் இருந்த இடத்தைத் திறந்தவெளியா விட்டாங்க. தெருவோட அழகு கெடக் கூடாதுன்னு வீட்டு முகப்பு மாதிரி ஒரு சுவரை மட்டும் கட்டினாங்க. கதவும் ஜன்னலும் வெறும் பாவனை. பின்னால் எட்டிப் பார்த்தா வீடே இல்லை. பக்கத்து வீட்டுச் சுவர்கள் உள்ளே சாயாம இருக்கக் குறுக்கே முட்டுகள்தான் தெரியும். வரிசையில ஒரு வீட்டை எடுத்தா, மிச்ச வீடுகளுக்குத் துணை போயிடும். அந்தத் துணையை நாமதான் கொடுக்கணும்.

2013 ஜனவரியில், 150 வருஷக் கொண்டாட்டத்துக்கு 1898ல் செஞ்ச ஒரு நீராவி இஞ்சினைப் பழுது பார்த்து அதே சுரங்கத்துல ஓட்டினாங்க. வீடியோ பார்த்து எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. இஞ்சினுக்காக மட்டுமில்லை. அந்தச் செங்கல் சுவர் இன்னும் நிக்குதே!

இதெல்லாம் வெள்ளைக்காரன் காலத்துக் கதைன்னு நினைக்காதீங்க. 2004 ஏப்ரல் 20, பிற்பகல் 3.30 மணி. நிக்கல் ஹைவே. சர்க்கிள் லைன் எம்ஆர்டிக்காக சுமார் 30 மீட்டர் ஆழம் தோண்டியிருந்த பள்ளத்தின் சுவர் சரிஞ்சு, ரோடும் சேர்ந்து உள்ளே போச்சு. நாலு பேர் இறந்தாங்க. அதுல ஒருத்தர் ஃபோர்மேன். தன் ஆட்களை வெளியே அனுப்பிட்டுத் தான் மாட்டிக்கிட்டார். நானும் ஆட்களை வச்சு வேலை வாங்குறவன். அவரை நினைக்காம அந்த வழியா போக முடியலை.

விசாரணையில தெரிஞ்சது என்ன? இரும்பு முட்டு இருந்துச்சு. ஆனா முட்டு சுவரோட சேருற இணைப்புக்குப் போதுமான பலம் இல்லை. சுவர் நகர்வது அளவுக் கணக்குல முன்னாடியே தெரிஞ்சது. அன்னைக்குக் காலையிலேயே சத்தமும் கேட்டிருக்கு. சுவர் திடீர்னு விழறதில்லை. முதல்ல சொல்லும். நாமதான் கேட்கிறதில்லை.

இப்ப நம்ம மடப்பள்ளிக்கு வருவோம். அந்தச் சுவர் மேல கூரையின் பாரம் உட்கார்ந்திருக்கு. வாசலுக்கு இடிக்கிறதுக்கு முன்னால், சுவர்ல சின்ன ஓட்டை போட்டுக் குறுக்குச் சட்டம் நுழைக்கணும். அதோட இரண்டு முனைக்கும் அடியில இரும்பு முட்டு வைக்கணும். முட்டு நிக்கிற தரை இளகிய மண்ணா இருந்தா, எவ்வளவு நல்ல இரும்பும் உள்ளே இறங்கிடும். அதனால அடியில தடிப்பான பலகை வேணும். பிறகுதான் இடிக்கணும். வாசலுக்கு மேல உத்தரம் வச்சு, சிமெண்ட் நல்லா இறுகின பிறகே முட்டை எடுக்கணும். எத்தனை முட்டு, எவ்வளவு இடைவெளி, எப்ப எடுக்கிறதுன்னு கணக்குப் போடுறவர் இன்ஜினியர். அந்த ஃபீஸ் அதுக்குத்தான்.

ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. திருப்பணி ஆரம்பிக்கிறதுக்கு முன்னால பாலாலயம் செஞ்சு சாமியைப் பத்திரமா வேற இடத்துல வைக்கிறோம். சாமிக்கு அவ்வளவு பார்க்கிற நாம, சுவருக்கு அடியில நிக்கிற பையனுக்குப் பார்க்க வேண்டாமா? அவனும் ஒரு வீட்டுப் பிள்ளைதானே.

அதனால தொண்டர்களுக்கு ஒரு வேண்டுகோள். முட்டு வச்சு இன்ஜினியர் கையெழுத்துப் போடுற வரைக்கும் யாரும் சுத்தியலைத் தொட வேண்டாம். விரிசல் கண்டாலோ, சத்தம் கேட்டாலோ, உடனே எல்லாரும் வெளியே வந்துட்டு எனக்கு ஃபோன் பண்ணுங்க. ராத்திரி எத்தனை மணியானாலும் பரவாயில்லை.

கேள்வி கேட்ட அக்காவுக்கு நன்றி. கணக்கு நோட்டு ஆலய அலுவலகத்துல இருக்கு, யார் வேணும்னாலும் பார்க்கலாம். கும்பாபிஷேகத்தன்னைக்கு எல்லாரும் முழுசா, சேதமில்லாம ஒண்ணா நின்னு கோபுர தரிசனம் பண்ணணும். அதுதான் நம்ம பிரார்த்தனை.

சிவாய நம.