எலும்பு கூடும் காலமும் உலோகம் கரையும் காலமும்: உயிர்ச்சிதைவு மெக்னீசியம் பற்றிய ஆய்வு

1. வரையறை

முறிந்த எலும்பைச் சேர்த்துப் பிடிக்கும் தகடு, திருகு ஆகியவற்றையும் குறுகிய இரத்தக் குழாயை விரித்து நிறுத்தும் ஸ்டென்ட்டையும் இங்கு ‘உட்பதியம்’ என்னும் ஒரே சொல்லால் குறிக்கிறோம். உடல் திரவங்களில் படிப்படியாக அரிக்கப்பட்டு, பணி முடிந்தபின் கரைந்து மறையும் உட்பதிய உலோகம் ‘உயிர்ச்சிதைவு உலோகம்’ எனப்படும். இவ்வரையறை மூன்று நிபந்தனைகளை உள்ளடக்கியது: உலோகம் கரைய வேண்டும், கரைந்தவை உடலுக்குத் தீங்கு செய்யக் கூடாது, பணி முடியும்வரை வலிமை நிற்க வேண்டும். முதல் இரண்டும் மெக்னீசியத்தின் இயல்பிலேயே அமைந்தவை. மூன்றாவதே ஆய்வுக்குரியது.

2. மெக்னீசியத்தின் தகுதிகள்

அ) உயிரியல் தகுதி: வளர்ந்த மனித உடலில் சுமார் 25 கிராம் மெக்னீசியம் உண்டு, அதில் பாதிக்கு மேல் எலும்பில் இருக்கிறது. மிகையானதைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும்.

ஆ) இயந்திரத் தகுதி: மீட்சிக் குணகம் என்பது ஒரு பொருளின் விறைப்பைக் காட்டும் அளவு. கெட்டியான புற எலும்புக்கு இது 10 முதல் 30 ஜிகாபாஸ்கல்; மெக்னீசியத்துக்கு ஏறத்தாழ 45; டைட்டானியக் கலப்புலோகத்துக்கு 110; துருப்பிடிக்காத எஃகுக்கு 200ஐ ஒட்டியது. விறைப்பு மிகுந்த தகடு சுமையைத் தானே ஏற்றுக்கொள்ள, சுமை காணாத எலும்பு மெலிந்துபோகிறது. இதுவே ‘தகைவு மறைப்பு’. மெக்னீசியத்தில் இக்குறை பெரிதும் குறைகிறது. தகட்டை எடுப்பதற்கென்று இரண்டாம் அறுவைச் சிகிச்சையும் தேவைப்படுவதில்லை.

3. சிதைவின் படிநிலைகள்

முதற்படியில் உலோகம் நீருடன் வினைபுரிந்து மெக்னீசியம் ஹைட்ராக்சைடையும் ஹைட்ரஜன் வாயுவையும் தருகிறது. இரண்டாம் படியில் ஹைட்ராக்சைடு படலமாகப் படிந்து அரிமானத்தைத் தணிக்கிறது. மூன்றாம் படியில் உடல் திரவத்தின் குளோரைடு அயனிகள் அப்படலத்தைக் கரைத்து, அடியிலுள்ள உலோகத்தை மீண்டும் வெளிக்காட்டுகின்றன. நான்காம் படியில் கால்சியமும் பாஸ்பேட்டும் மேற்பரப்பில் படிந்து வேகத்தை மறுபடி குறைக்கின்றன.

ஒரு கிராம் மெக்னீசியம் முற்றும் கரைந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் ஹைட்ரஜன் எழும். ஆய்வகத்தில் இதைக் கண்ணாலேயே காணலாம். உப்புக் கரைசலில் உலோகத் துண்டை வைத்து, அதன்மேல் புனலையும் கரைசல் நிரம்பிய பியூரெட்டையும் கவிழ்த்தால், மணிமணியாகக் குமிழிகள் ஏறும். ஏற ஏறக் குழாயின் நீர்மட்டம் இறங்கும். அந்த இறக்கமே அரிமானத்தின் கணக்கு. வாயு மெல்ல எழுந்தால் திசுக்கள் அதை உள்வாங்கிக்கொள்ளும். விரைந்து எழுந்தால் தோலுக்கடியில் தேங்கும்.

4. விரைவின் காரணங்களும் தணிப்பு வழிகளும்

இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் பெல்ஜிய அறுவை மருத்துவர் ஆல்பின் லாம்போத், கீழ்க்கால் முறிவு ஒன்றுக்கு மெக்னீசியத் தகட்டைத் தங்க முலாமிட்ட எஃகு ஆணிகளால் பொருத்தினார். எட்டு நாளில் தகடு சிதைந்தது; தோலுக்கடியில் வாயு திரண்டது. இரு வேறு உலோகங்கள் உடல் திரவத்தில் தொட்டுக்கொண்டதால் மின்கலம் போன்ற அமைப்பு உருவாகி, வினைத்திறன் மிக்க மெக்னீசியம் விரைந்து அரிபட்டது. உலோகத்துக்குள் மாசாகக் கலந்த இரும்பு, நிக்கல், செம்பு ஆகியவையும் நுண்ணளவில் இதையே செய்கின்றன.

தணிப்பு வழிகள் மூன்று: தூய்மையாக்கல், கலப்பு, மேற்பூச்சு. கலப்பில் இரு வகைகள் முதன்மையானவை. இட்ரியம், நியோடிமியம் போன்ற அருமண் தனிமங்கள் சேர்ந்தவை ஒரு வகை. உடலுக்கு ஏற்கெனவே பழகிய கால்சியமும் துத்தநாகமும் சேர்ந்தவை மற்றொன்று. மேற்பூச்சுகளுள் கால்சியம் பாஸ்பேட் குறிப்பிடத்தக்கது. எலும்பின் கனிமத்துக்கு அது நெருங்கிய உறவு.

5. முடிவு

அருமண் வகைக் கலப்பில் ஜெர்மனியில் உருவான மக்னெசிக்ஸ் திருகு 2013இல் ஐரோப்பிய ஒப்புதல் பெற்றது. மக்மாரிஸ் ஸ்டென்ட் 2016இல் பெற்றது. லாம்போத்தின் தகட்டிலும் இவற்றிலும் அடிப்படை உலோகம் ஒன்றே. கரையும் காலம் வேறு. எலும்பு கூடப் பொதுவாக 12 வாரம் வேண்டும். அதுவரை உட்பதியத்தின் பிடி தளரக் கூடாது. எனவே, உலோகத்தின் அரிமானத்தை அளக்கப் புகுபவர் முதலில் எலும்பின் நாள்கணக்கைக் கற்றுவர வேண்டும்.