உயிர்க் காலேஜ் இருந்த தோட்டம்

எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் யாராவது பட்டணம் போய்த் திரும்பினால், கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "உயிர்க் காலேஜ் பார்த்தியா, செத்த காலேஜ் பார்த்தியா?" மிருகக்காட்சிசாலைக்கு உயிர்க் காலேஜ் என்று பெயர். பாடம் செய்த மிருகங்களை வைத்திருந்த எழும்பூர் மியூசியம் செத்த காலேஜ். பேரப் பிள்ளைகளிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். என் வயதுக்காரர்கள் சிரிக்க மாட்டார்கள். அவர்களுக்கு உடனே சிங்கத்தின் சத்தம் காதில் கேட்கும்.

நான் முதன்முதலில் அதைப் பார்த்தது 1964 ஜனவரி 12, ஞாயிற்றுக்கிழமை. தேதி எப்படி இவ்வளவு துல்லியமாக நினைவிருக்கிறது என்று பின்னால் சொல்கிறேன். அப்போது எனக்குப் பத்து வயது. அப்பா மரக்காணம் உப்பளத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். மழைக்காலம் முடிந்து பாத்திகளைச் சீர்செய்யும் சமயம். உப்பு வாரத் தொடங்க இன்னும் நாள் இருந்தது. பொங்கலுக்குத் துணி எடுக்கவேண்டும் என்று என்னையும் அழைத்துக்கொண்டு கிளம்பினார். வானூரிலிருந்து பஸ்ஸில் திண்டிவனம் போய், ராத்திரி உறவுக்காரர் வீட்டில் தங்கி, விடியற்காலை ரயில் பிடித்து எழும்பூரில் இறங்கினோம். அங்கிருந்து நடை.

சென்ட்ரல் ஸ்டேஷன் அருகே ஒரு கால்வாய் ஓடியது. அப்பா நின்று, "இது எங்கே போகுது தெரியுமா? நம்ம மரக்காணத்துக்கு" என்றார். நான் நம்பவில்லை. ஆனால் அது உண்மை. பக்கிங்ஹாம் கால்வாயின் தென்கோடி மரக்காணம்தான். 1806-ல் சென்னைக்கு வடக்கே காக்ரேன் கால்வாய் என்று ஆரம்பித்தது, படிப்படியாக இரண்டு பக்கமும் நீண்டது. 1877-78 பஞ்சத்தில் நிவாரண வேலையாக அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து வெட்டினார்கள். அப்போதைய கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் அதற்கு நிலைத்தது. நம் பக்கத்து உப்பும் விறகும் படகிலேறிப் பட்டணம் போனது இந்த வழியில்தான்.

அந்தக் கால்வாய்க்கு அருகே, சென்ட்ரலை ஒட்டி இருந்த பெரிய தோட்டத்தைப் பற்றித்தான் இன்று எழுத நினைத்தேன். அதற்கு பீப்பிள்ஸ் பார்க் என்று பெயர். மக்கள் பூங்கா. பார்க் டவுன் என்று இன்றும் சொல்கிறோமே, அதில் வரும் பார்க் இதுதான்.

1859-ல் சென்னைக்கு கவர்னராக வந்த சார்லஸ் டிரவெலியன் போட்ட திட்டம் அது. கருப்பர் நகரம் என்று வெள்ளைக்காரர்கள் அழைத்த நெரிசலான பகுதியில் வாழ்ந்த ஜனங்களுக்குக் காற்று வாங்க ஓர் இடம் வேண்டும் என்று நினைத்தார். அவர் இங்கே அதிக நாள் இருக்கவில்லை. வருமான வரி கூடாது என்று மேலிடத்தைப் பகிரங்கமாக எதிர்த்ததால் 1860-லேயே திருப்பி அழைத்துக்கொண்டார்கள். தோட்டம் மட்டும் நின்றது. 116 ஏக்கர் பரப்பு, 11 குளங்கள், ஐந்தரை மைல் நீளத்துக்குப் பாதைகள், பாண்டு வாசிக்க ஒரு மேடை. 1855-ல் மியூசியத்தில் எட்வர்ட் பால்ஃபர் ஆரம்பித்திருந்த மிருகக்காட்சிசாலையும் 1860-களின் தொடக்கத்தில் இங்கே வந்து சேர்ந்தது. உயிர்க் காலேஜும் செத்த காலேஜும் ஒரு வீட்டில் பிறந்து தனிக்குடித்தனம் போனவை என்பது இப்படித்தான்.

வருஷக் கடைசியில் அங்கே பெரிய சந்தையும் கேளிக்கையும் நடக்கும். 1886 டிசம்பர் 31 அன்று அந்தக் கூட்டத்தில் தீப்பிடித்து 300 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அப்படியும் ஜனங்கள் அந்த இடத்தை விட்டுவிடவில்லை. மறுபடி மறுபடி வந்தார்கள்.

அதே காலத்தில் தோட்டம் துண்டு துண்டாகப் பிரியத் தொடங்கியது. விக்டோரியா பப்ளிக் ஹாலுக்கு 1883-ல் அஸ்திவாரம் போட்டார்கள். சிஸ்ஹோம் வரைந்த கட்டடம். பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை நாடகம் போட்டது அங்கே. 1890-களில் சென்னை ஜனங்கள் ஓடும் படத்தை முதலில் பார்த்ததும் அங்கேதான். பிறகு மூர் மார்க்கெட். நகராட்சித் தலைவர் ஜார்ஜ் மூர் 1898-ல் அடிக்கல் நாட்டினார், 1900-ல் திறந்தார்கள். பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, கிளி, முயல் என்று கிடைக்காத பொருள் கிடையாது. அடுத்து 1909-ல் ரிப்பன் மாளிகைக்கு அஸ்திவாரம், 1913-ல் திறப்பு. 1950-களில் கார்ப்பரேஷன் ஸ்டேடியம்.

இந்த ஸ்டேடியத்தில் 1956 முதல் 1965 வரை டெஸ்ட் மேட்ச்கள் நடந்தன. 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தார்கள். மன்கட் 231, ராய் 173. அந்த உலக சாதனை 52 வருஷம் நின்றது. 2008-ல்தான் தென்னாப்பிரிக்கக்காரர்கள் முறியடித்தார்கள்.

இப்போது அந்தத் தேதிக்கு வருகிறேன். மிருகங்களைப் பார்த்துவிட்டு, மூர் மார்க்கெட்டில் எனக்கு ஒரு பம்பரம் வாங்கிக்கொண்டு, ஸ்டேடியத்தின் வெளிச்சுவர் ஓரமாக வந்தோம். உள்ளே இங்கிலாந்துடன் டெஸ்ட் மேட்ச். டிக்கெட் வாங்க நமக்கு வசதி ஏது? கூட்டத்தின் ஆரவாரமாவது கேட்கலாம் என்று அப்பா நின்றார். வெகு நேரம் நின்றும் ஒரு சத்தமும் இல்லை. "ஆட்டம் முடிஞ்சிருச்சுபோல" என்று நடந்துவிட்டோம். பல வருஷம் கழித்து ஒரு பத்திரிகையில் படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. 1964 ஜனவரி 12 அன்று பாபு நட்கர்னி அந்த மைதானத்தில் தொடர்ந்து 21 ஓவர் ஒரு ரன்கூடக் கொடுக்காமல் பந்து வீசியிருக்கிறார். ஒரு ரன்னும் எடுக்காதபோது எதற்குக் கை தட்டுவார்கள்! சரித்திரம் நடந்துகொண்டிருந்தபோது நாங்கள் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றிருக்கிறோம்.

அந்தச் சுவரைப் பிற்பாடு அடிக்கடி நினைத்துக்கொள்வேன். எண்பது, தொண்ணூறு வருஷத்துக்கு முன் வந்திருந்தால், அந்த இடத்தில் அப்பாவும் நானும் காசில்லாமல் நடந்து திரிந்திருக்கலாம். ஜனங்களுக்காக என்று விட்ட நிலம்தானே அது.

மற்றது உங்களுக்கே நினைவிருக்கும். 1985 மே 30 அன்று மூர் மார்க்கெட் எரிந்துபோயிற்று. அந்த இடம் ரயில்வேக்குப் போனது. அதே வருஷம் ஜூலையில் வண்டலூரில் புதிய உயிரியல் பூங்காவைத் திறந்தார்கள். உயிர்க் காலேஜ் ஊரைவிட்டே போனது. மிருகங்களுக்கு அது நல்லதுதான். இரும்புக் கூண்டுக்குப் பதில் காடு கிடைத்தது. பழைய ஸ்டேடியம் இருந்த இடத்தில் 1993-ல் புதிய நேரு ஸ்டேடியம் எழுந்தது. 1995-ல் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளை அங்கே நடத்தினார்கள். 2022-ல் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா அதே வளாகத்து உள்விளையாட்டரங்கில். நாம் போன அந்தக் கால்வாயின் அருகிலேயே இப்போது பறக்கும் ரயிலின் பார்க் டவுன் நிலையம் நிற்கிறது. இனி சென்னை போகிறவர்கள் அங்கே இறங்கி நடந்தால், ரிப்பன் மாளிகை, விக்டோரியா ஹால், நேரு ஸ்டேடியம், பக்கத்தில் மை லேடீஸ் பூங்கா எல்லாவற்றையும் ஒரே சுற்றில் பார்க்கலாம். பார்க்கும்போது இவையெல்லாம் ஒரே தோட்டத்தின் துண்டுகள் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

இதில் யாரைத் திட்டுவது? மண்டபம் நல்லதுதான். மார்க்கெட் நல்லதுதான். நகராட்சிக்கு அலுவலகம் வேண்டும், ரயிலுக்கு இடம் வேண்டும், விளையாட்டுக்கு ஸ்டேடியம் வேண்டும். 116 ஏக்கரை ஒருவரும் திருடவில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரு நல்ல காரியத்துக்குக் கொஞ்சம் எடுத்தார்கள், அவ்வளவுதான்.

நம் ஊரிலும் இதுதான் நடந்துகொண்டிருக்கிறது. நான் கபடி ஆடிய மந்தைவெளியில், விடிய விடியக் கூத்துப் பார்த்த அதே மண்ணில், முதலில் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி வந்தது. பிறகு ரேஷன் கடை, பிறகு ஒரு கூடம். எல்லாம் தேவையானவை. கூடத்துக்கு நானே கையெழுத்துப் போட்டவன். புதுச்சேரிப் பக்கமிருந்து மனைகள் நம்மை நோக்கி வந்துகொண்டிருக்கின்றன. இனி நிலத்துக்குத் தேவை கூடுமே தவிரக் குறையாது.

சென்ற கிராம சபையில் மீதி இடத்துக்கும் ஒரு கட்டடம் பற்றிப் பேச்சு வந்தது. பிள்ளைகள் எங்கே ஆடுவார்கள் என்று கேட்டேன். "பாண்டிச்சேரியில ஸ்டேடியம் இருக்கே ஐயா" என்றார் ஒரு தம்பி. கேட்டவர்கள் சிரித்தார்கள். மீதி இடத்தை அளந்து, விளையாட்டுத் திடல் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொன்னேன். அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். அடுத்த கூட்டத்துக்கும் போவேன். முடிந்தவர்கள் கூட வாருங்கள்.